எங்கள் வீட்டுக்கு வந்த அமெரிக்கப் பிள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்தின் முதலாம் மாடி நடைவழியில், இரசாயன ஆய்வுகூடத்துக்கு எதிர்ப்புறச் சுவரில், இன்னொரு பள்ளிக்கூடத்தின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்களுக்கு மத்தியில் இருந்த ஒரு சிறிய நகரத்தின் அரசுப் பள்ளிக்கூடம் அது. எங்களுடையது ஜெர்மனியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்ட ஒரு சிறிய நகரத்தின் அரசுப் பள்ளிக்கூடம். இரண்டு ஆசிரியர்கள் என்றோ ஒருநாள் நண்பர்களாகிவிட்டதால் இந்த இரண்டு பள்ளிக்கூடங்களும் உறவு கொண்டாடின. வசந்தத்தில் அவர்களுடைய பிள்ளைகள் மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, வந்து எங்கள் மாணவர்களின் வீடுகளில் தங்குவார்கள். இலையுதிர்காலத்தில் எங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள். போய் வந்தவர்கள் சில மாதங்களுக்குத் தோளைக் குலுக்கி ஆங்கிலம் பேசுவார்கள். பிறகு அது தானாகவே குணமாகிவிடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தை, போய் வந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கும் படம், தலைக்கவசம் போட்ட பந்தாட்டக்காரர்கள் சேற்றில் விழுந்து கிடக்கும் படம், ஊர் முழுக்கத் தெருவோரம் நிற்க, தீயணைப்பு வண்டியின் மேல் காகிதக் கிரீடம் அணிந்த பெண்கள் கையசைத்துப் போகும் படம். வாத்தியக் குழுவில் ஊதுகுழல் பிடித்திருந்த பையனின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருப்பதுகூட எனக்குத் தெரியும். சாப்பாட்டு மண்டபத்தில் நீள மேசைகள். ஒரு மேசையிலும் யாரும் தனியாக இருக்கவில்லை. இதை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தூரம் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது இடைவேளைகளில். எனக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. துருக்கிப் பிள்ளைகள் ஒரு கூட்டம், போலந்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம், ஜெர்மன் பிள்ளைகளோ எந்தத் தெரு, எந்தக் குதிரைப் பண்ணை என்று பல கூட்டம். யாரும் என்னைப் பகிடி பண்ணவில்லை, தள்ளவில்லை, தலைமயிரைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் வீட்டில் சொல்லி அழவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். ஆரம்பப் பள்ளியில் என் பக்கத்தில் இருந்த ஒரே சிநேகிதி வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதன்பிறகு அந்தக் கதிரை காலியாகவே இருந்தது. தனியாக நிற்பவளுக்கு நிற்க ஒரு காரணம் வேண்டும். சுவரைப் பார்ப்பது நல்ல காரணம்.

ஒன்பதாம் வகுப்பில், அமெரிக்கர்கள் வர ஒரு கிழமை இருக்கும்போது, எங்கள் ஆங்கில ஆசிரியை கவலையோடு வகுப்புக்கு வந்தார். ஒரு பிள்ளையை வைத்திருப்பதாகச் சொன்ன குடும்பத்தில் தாய் மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். வரவிருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை. "யாராவது?" என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். வீட்டில் கேட்க வேண்டும் என்ற எண்ணம் கை உயர்ந்த பிறகுதான் வந்தது. மூன்று கிழமை என் பக்கத்துக் கதிரையில் ஒருத்தி இருப்பாள் என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

அப்பா ஒரு இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே உணவகத்தைப் பூட்டும் இரண்டு மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்து படுப்பார். அந்தத் தூக்கத்தை நாங்கள் யாரும் குழப்புவதில்லை. அன்று நான் அவர் எழும்பும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, எங்கட வீட்டில ஒரு அமெரிக்கப் பிள்ளை வந்து நிக்கப் போகுது."

அம்மாதான் முதலில் வாய் திறந்தார். அவர் முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தார். "உனக்கென்ன விசரே பிள்ளை? இந்த ரெண்டு அறையுக்கை எங்கை படுக்க வைக்கிறது? என்னத்தைச் சமைச்சுக் குடுக்கிறது?"

அப்பா கண்ணைக் கசக்கினார். "வேற ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை."

"அப்ப வரட்டும். ஒரு பிள்ளை வந்து நிக்க இடமில்லையெண்டு நாங்கள் சொல்லக்கூடாது."

அதன்பிறகு அம்மாவைவிட அப்பாதான் ஆரவாரப்பட்டார். முள்ளுக்கரண்டியும் கத்தியும் வாங்கினார். குளியலறைக் கதவின் பூட்டைத் திருத்தினார். சோற்றைக் கண்டால் பிள்ளை பயந்துவிடும் என்று உணவகத்திலிருந்து நூடில்ஸ் சுருள்கள் கொண்டுவந்து அடுக்கினார். சித்தப்பா கெல்சென்கிர்ச்சனிலிருந்து மடக்குக் கட்டில் ஒன்றைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். எங்கள் குடும்பத்தில் ஜெர்மன் நன்றாகப் பேசுபவர் சித்தப்பாதான். அதனால் அரசாங்க அலுவலகம் எதற்குப் போவதானாலும் அப்பாவும் அம்மாவும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள்தான் போய் மொழிபெயர்ப்பார்கள் என்று கோயிலில் சந்திக்கும் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள். என்னை ஒருநாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. என் ஜெர்மனில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலைப் பூட்டிக்கொண்டே சித்தப்பா தணிந்த குரலில், "அண்ணை, யோசிச்சுத்தான் செய்யுறியளோ? நாளைக்கு இவள் திருப்பிப் போறதெண்டு வரும்," என்றார்.

"அதை அப்ப பாப்பம். சின்னப்பிள்ளை ஆசைப்பட்டுட்டாள்," என்றார் அப்பா.

செலவைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவளுடைய பெயர் மேகன். ரயிலிலிருந்து கடைசியாக இறங்கினாள். என்னைவிட ஒரு தலை உயரம், முகம் நிறையப் புள்ளிகள், கழுத்தில் ஒரு கறுப்புக் கமரா. மற்ற அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, இவள் தன் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். தன்னுடைய மாநிலத்தை விட்டே முதன்முறை வெளியே வருகிறாளாம். அம்மா தன் இரு கைகளாலும் அவளுடைய கையைப் பிடித்து, "வாங்கோ மேகலா," என்றார். எவ்வளவு திருத்தியும் மூன்று கிழமையும் அவள் மேகலாவாகவே இருந்தாள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

முதல் நாட்களில் அவள் பாணும் ஆப்பிளும் மட்டும் சாப்பிட்டாள். நூடில்ஸ் அடுக்கு அப்படியே இருந்தது. ஒரு மாலை குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் வேறு சத்தமும் இருந்தது. நான் கதவுக்கு வெளியே, ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று வசனம் தேடிக்கொண்டு நின்றேன். அம்மா வந்து கதவில் தட்டினார். "அழாதை பிள்ளை. வெளியில வா. உள்ளி உரிக்க வேணும்," என்று தமிழிலேயே சொன்னார். கதவு திறந்தது. மேகன் சிவந்த மூக்கோடு போய்ச் சமையலறை மேசையில் இருந்து உள்ளி உரித்தாள். அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் மற்ற அமெரிக்கர்களோடு போய்விடுவாள் என்று பயந்திருந்தேன். அவள் போகவில்லை. அவர்களும் அவளைத் தேடவில்லை. முதல் கிழமை முடிவில் ஒரு இடைவேளையில் அவளை அந்தச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேடித் தேடிக் களைத்துப்போயிருந்த ஒரு விஷயத்தைக் கேட்டேன்.

"இதில் நீ எங்கே இருக்கிறாய்? எல்லாப் படத்திலும் பார்த்துவிட்டேன். உன்னைக் காணவில்லை."

அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய கமராவைத் தொட்டுக்காட்டினாள். "இதெல்லாம் நான் எடுத்தது," என்றாள்.

பள்ளிக்கூடத்தின் ஆண்டுமலருக்குப் படம் எடுப்பது அவளுடைய வேலையாம். அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். விளையாட்டு நடக்கும்போதும், ஊர்வலம் போகும்போதும், எல்லோரும் நீள மேசைகளில் இருந்து சாப்பிடும்போதும் கமரா கையில் இருந்தால் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது என்ற கேள்வி வராது என்றாள். மெதுவான ஆங்கிலத்தில், எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். அவ்வளவு சிரமப்பட்டிருக்கத் தேவையில்லை.

அதன்பிறகு இடைவேளைகள் போதவில்லை. அவிழ்ந்த சப்பாத்துக் கயிற்றுப் பையன் அந்தப் படத்துக்கு அடுத்த நிமிடம் தடுக்கி விழுந்த கதையை அவள் சொன்னாள். தீயணைப்பு வண்டியில் கிரீடத்தோடு நின்றவர்களில் ஒருத்தி, முந்தின ஆண்டு வரை மேகனின் சிநேகிதியாக இருந்தவள். இரண்டு பள்ளிக்கூடத்தையும் பற்றி நாங்கள் நிறையக் கதைத்தோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை, அவர்களுடையது அகலமாக இருந்தது, அவ்வளவுதான். மூன்று கிழமை என் பக்கத்துக் கதிரையில் அவளுடைய நீண்ட கால்கள் இருக்க இடமில்லாமல் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிறு மூடிக்கிடக்கும் சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அப்பாவுக்கு அன்று விடுமுறை. அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மழை தூறியது. அப்பா தன் குடையை மேகனுக்குக்கூடப் பிடிக்கவில்லை, கமராவுக்குப் பிடித்தார். அவள் குனிந்தால் அவரும் குனிந்தார், அவள் சேற்றில் முழங்கால் ஊன்றினால் அவரும் ஊன்றினார். ஒரு சொல் பொதுமொழி இல்லாமல் இருவரும் அந்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

போகும் நாளில் ரயில் நிலையத்தில் மேகன், "இலையுதிர்காலத்தில் உன் முறை. என் அம்மா உனக்கான அறைக்கு வர்ணம் பூசப்போகிறாள். என்ன நிறம் வேண்டும்?" என்று கேட்டாள். நான் பச்சை என்றேன். அப்பா பக்கத்தில் நின்று ரயில் நேர அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியை பயணத்துக்கான ஏற்பாடுகளைத் தொடங்கினார். அப்பாவிடம் கேட்டபோது "பாப்பம்" என்றார். அடுத்த கிழமை கேட்டபோதும் பாப்பம். கோடை விடுமுறைக்கு முன்பாக முடிவு சொல்லியாக வேண்டும். சித்தப்பா இரண்டு தடவை வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். சித்தப்பாவின் குரல் உயர்வதும், அப்பாவின் குரல் கேளாமலே இருப்பதும் வழக்கம்தான் என்பதால் நான் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஆசிரியை அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்.

அப்பா கலியாணங்களுக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வகுப்பறையில், பிள்ளைகளுக்கான சிறிய கதிரையில், ஆசிரியைக்கு முன்னால் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தார். மொழிபெயர்க்க நான் இருந்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆசிரியை அன்பாகத்தான் தொடங்கினார். மேகனின் குடும்பம் எவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறது என்று சொன்னார். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெற்றோர் சங்கம் உதவும் என்றார். பிள்ளையின் ஆங்கிலத்துக்கு இது எவ்வளவு நல்லது என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, சமையலறையில் கற்றுக்கொண்ட தன்னுடைய ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எங்கள் வழக்கம் வேறு. பெண் பிள்ளை. வேறு வீட்டில் படுப்பது இல்லை. அம்மா அப்பா இல்லாமல் தூரம் போவது இல்லை."

அப்பா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நீச்சல் வகுப்புக்கு ஆண் பிள்ளைகளோடு என்னை அனுப்பியவர் அவர்தான். சைக்கிள் ஓடப் பழக்கியவர், கோயிலில் ஒரு பெரியவர் என் காற்சட்டையைப் பற்றிச் சொன்னபோது "அவளுக்கு அது வசதி" என்று மட்டும் சொல்லித் திரும்பிக்கொண்டவர்.

"ஆனால் மேகன் உங்கள் வீட்டில் தங்கினாளே," என்றார் ஆசிரியை.

"அவள் அமெரிக்கா. அவளுக்கு வழக்கம் வேறு," என்றார் அப்பா.

ஆசிரியையின் முகத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு அவர் அப்பாவோடு பேசவில்லை. என் பக்கம் திரும்பி, அப்பாவுக்கு விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, வேகமான ஜெர்மனில், "வீட்டில் உனக்கு ஏதாவது கஷ்டம் என்றால் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்," என்றார்.

அப்பாவுக்கு விளங்கியது. அவர் எழுந்து ஆசிரியைக்குக் கை கொடுத்தார். நன்றி என்றார். கதிரையைத் தூக்கி மேசைக்குக் கீழே சரியாக வைத்தார்.

நடந்து போகும் தூரம்தான், ஆனால் அன்று அப்பா பஸ்ஸில் ஏறினார். எதிர் எதிராக இருந்தோம். இறங்குமிடம் நெருங்கும்வரை நான் பொறுத்துக்கொண்டேன்.

"உப்பிடி ஒரு வழக்கம் எங்கட வீட்டில எப்ப தொடக்கம் இருக்குது அப்பா?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இண்டையில இருந்து," என்றார்.

அந்தக் கோடை முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. தேவையானதை அம்மா மூலம் கேட்டேன். அவரும் அம்மா மூலம் பதில் சொன்னார். அம்மா ஒன்றிரண்டு தடவை எதையோ சொல்ல வாய் எடுப்பதும், அப்பாவைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போவதுமாக இருந்தார். நான் மேகனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் அப்பா பழைய காலத்து மனிதர், பெண் பிள்ளைகளை வெளியே விடமாட்டார் என்று எழுதினேன். வகுப்பில் அந்த வசனம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. சொன்னால் பெண்கள் இரக்கமாகத் தலையாட்டினார்கள், சில நிமிடங்கள் என்னோடு நின்றார்கள்.

மேகன் சின்னதாக ஒரு பதில் போட்டாள். அறைக்கு ஏற்கெனவே பச்சை பூசியாகிவிட்டதாம். "உன் அப்பா அப்படிச் சொன்னார் என்று என்னால் நம்ப முடியவில்லை. கமராவுக்குக் குடை பிடித்தவர்தானே அவர்? நீ ஏதோ சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்," என்று எழுதியிருந்தாள். அவளுக்கு எங்கள் ஆட்களைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குக் கோபம் வந்தது. அதற்கு நான் பதில் போடவில்லை. அவளும் பிறகு எழுதவில்லை.

இலையுதிர்காலத்தில் வகுப்பில் பெரும்பகுதி அமெரிக்கா போய்விட்டது. போகாமல் மிஞ்சியவர்களை ஒன்பதாம் வகுப்போடு சேர்த்து இருத்தினார்கள். அந்த நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். எங்கள் பத்தாம் வகுப்பறை பூட்டிக்கிடந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கதிரைகள் எல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நடைவழிச் சுவருக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். அந்தப் படங்களுக்குள் இப்போது எங்கள் வகுப்புப் பிள்ளைகள் நடந்து திரிகிறார்கள் என்ற எண்ணம் வந்தது. இடைவேளைகளில் கழிவறையில் கைகளை நீண்ட நேரம் கழுவினேன்.

அவர்கள் போன முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது வாசலில் அப்பா நின்றார்.

உணவக உடுப்பின் மேல் குளிர்ச் சட்டையைப் போட்டிருந்தார். உள்ளி வாசமும் பாற்கட்டி வாசமும் அவரோடு நின்றன. அவர் படுத்துத் தூங்கும் நேரம் அது. "வீட்டை போவமே?" என்றார். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். அடுத்த நாளும் நின்றார், அதற்கடுத்த நாளும். நான் வீதியின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தேன். அவர் இந்தப் பக்கத்தாலேயே, என் வேகத்துக்குச் சரியாக, நடந்து வந்தார். ஒருநாள் மழைக்குக் குடையை நீட்டினார். நான் வாங்கவில்லை. அதனால் அவரும் விரிக்காமல் கையில் கொண்டு வந்தார்.

அமெரிக்கா போக விடமாட்டேன் என்றது போதாமல் வாசலில் வந்து காவலும் நிற்கிறாரே என்று நான் கொதித்தேன். ஆசிரியை மேல் மாடி யன்னலிலிருந்து ஒருநாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையை மெல்ல ஆட்டியது கீழே எனக்குத் தெரிந்தது. அவரும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா கதிரையில் கால் நீட்டி இருந்தார். அப்பா கட்டிலில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தூங்கிக்கொண்டிருந்தார்.

"விசா கிடைச்சிட்டுது பிள்ளை," என்றார் அம்மா. "இனி நீ எங்கை வேணுமெண்டாலும் போகலாம்."

"முன்னம் ஏன் ஏலாது?" என்று கேட்டேன்.

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாதான் சொன்னார். எங்கள் அகதி விண்ணப்பம் நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்பே நிராகரிக்கப்பட்டுவிட்டது. அதன்பிறகு அவ்வளவு காலமும் எங்களிடம் இருந்தது, திருப்பி அனுப்புவதைக் கொஞ்சக் காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஒரு அனுமதி மட்டும்தான். டுல்டுங் என்பார்கள், பொறுத்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். சில மாதத்துக்கு ஒருமுறை போய் அதை நீடித்துக்கொண்டு வர வேண்டும். நாட்டை விட்டு ஒரு தடவை வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. நீண்ட காலமாக அப்படி இருப்பவர்கள், வேலையும் இருந்தால், நிரந்தரமாகத் தங்கலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது.

ஏழாம் வகுப்பில் எல்லோரும் ஒல்லாந்துக் கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்லி மறித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்கு ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்பதும் விளங்கியது.

"இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே? ரீச்சருக்காவது சொல்லியிருக்கலாம்."

"நானும் இதுக்குத்தான் சண்டை பிடிச்சனான்," என்றார் சித்தப்பா. "உன்ரை அப்பா கேக்கேல்லை. எப்ப அனுப்புவாங்களோ எண்டு இருக்கிற பிள்ளையெண்டு தெரிஞ்சால் ஆர் அக்கறையாப் படிப்பிப்பினம் எண்டார். அவளுக்குப் பயம் பிடிச்சால் படிப்பும் ஏறாது, நித்திரையும் வராது எண்டார். தகப்பன் ஒரு கட்டுப்பெட்டி எண்டு நினைச்சிட்டுப் போகட்டும், அதால அவளுக்கு ஒரு குறையும் வராது எண்டார்."

அம்மா கேசரியைத் தட்டில் போட்டு என் கையில் தந்தார். அடுத்த அறையில் அப்பாவின் மூச்சு கேட்டது. அவர் எழும்பினால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான், "அப்ப ஏன் பள்ளிக்கூட வாசலில வந்து நிண்டவர்? அதுவும் நடிப்போ?" என்று கேட்டேன்.

"அது நடிப்பில்லை," என்றார் அம்மா. "உன்ரை சிநேகிதப் பிள்ளையள் எல்லாம் அமெரிக்கா போயிட்டினம், நீ மட்டும் தனிய நடந்து வரப்போறாய் எண்டு மனிசனுக்கு ஒரே கவலை. அவையள் திரும்பி வருமட்டும் நான் போறன் எண்டு நித்திரையும் கொள்ளாமல் ஓடி வந்தது."

என் சிநேகிதப் பிள்ளைகள். வீட்டில் நான் அவர்களைப் பற்றி நிறையச் சொல்வேன். வகுப்பில் எனக்கு முன்னால் இருந்து அவர்கள் தங்களுக்குள் கதைத்துச் சிரித்ததை எல்லாம், என்னோடு கதைத்ததாக மாற்றி, இரவுச் சாப்பாட்டின்போது சொல்வேன். வேலைக் களைப்போடு இருக்கும் இரண்டு பேரிடம், எனக்கு யாரும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அப்பா அந்தப் பெயர்களை எல்லாம் ஞாபகம் வைத்திருந்து ஒவ்வொருத்தியையும் சுகம் விசாரிப்பார். இன்றைக்கும் விசாரிக்கிறார். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில், அமெரிக்கா போன வகுப்பு திரும்பி வந்த திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் நான் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் அப்பா இல்லை. வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தேன். காவல் விட்டது என்று பெரிய நிம்மதியாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தோளைக் குலுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். நான் புத்தகப் பையை ஆட்டிக்கொண்டு, மிகவும் சந்தோஷமாக, தனியாக வீட்டுக்கு நடந்தேன்.